மெக்சிகன் உணவகத்தில் சைவமாகச் சாப்பிட: முழுமையான வழிகாட்டி

நான் அடிக்கடி போகும் ஒரு மெக்சிகன் உணவகத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் பீன்ஸ் புரிட்டோதான் (கோதுமை ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுற்றியது) எனக்கு வழக்கமான சாப்பாடு. அதில் இறைச்சி இல்லை, கோழி இல்லை, கண்ணுக்குத் தெரிந்து சந்தேகப்பட எதுவுமே இல்லை. ஒரு நாள் பரிமாறியவரிடம் பேச்சுவாக்கில், "இந்த பீன்ஸ் மட்டும் எப்படி இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?" என்று கேட்டேன். "மந்தேகா" என்றார். மந்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. அவர் எதையும் மறைக்கவில்லை. நான் அதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அன்று வீடு திரும்பும்வரை மனது ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சமையலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். மெக்சிகன் சாப்பாட்டில் இறைச்சி உள்ளே வைக்கும் பூரணத்தில் மட்டும் இல்லை. தாளிக்கும் கொழுப்பிலும் வேகவைக்கும் சாறிலும் கரைந்து நிற்கிறது. பூரணத்தை மாற்றச் சொல்வது சுலபம், யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கொழுப்பையும் சாற்றையும் பற்றிக் கேட்கத்தான் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சமையலின் அடித்தளம் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய். மில்பா என்ற வயலில் இவற்றைச் சேர்த்தே விளைவிப்பார்கள். சோளத்தண்டைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும், பூசணி தரையில் படர்ந்து ஈரத்தைக் காக்கும். அந்தக் காலத்து மக்கள் வான்கோழியும் மீனும் பூச்சியும் சாப்பிட்டார்கள், அதனால் அது சைவச் சமையல் என்று சொல்ல முடியாது. ஆனால் பன்றி அங்கே கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடுதான் பன்றியும் அதன் கொழுப்பும் வந்தன. அதற்கு முன் கொமால் என்ற தட்டைக் கல்லில் சுடுவதும், வேகவைப்பதும், ஆவியில் அவிப்பதும்தான் வழக்கம். 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலைப் பண்பாட்டு மரபாக அறிவித்தபோதும் மில்பாவையும் மக்காச்சோளத்தையும்தான் முன்னால் வைத்தது. சைவம் கேட்பதற்கு இங்கே கூச்சப்பட வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். நாம் கேட்பது இந்தச் சமையலின் வேருக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டைத்தான்.

படி 1: உங்கள் எல்லை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"சைவம்" என்ற ஒரு சொல்லைச் சமையலறையில் பல மாதிரி புரிந்துகொள்வார்கள். அதனால் உள்ளே போகும் முன் நான்கு விஷயங்களில் தெளிவாக இருங்கள்: முட்டை சாப்பிடுவீர்களா? பாலும் சீஸும் சரியா? கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளில் செய்த சீஸ் சரியா? இறைச்சி வாட்டிய அதே கல்லில் வாட்டிய காய்கறி சரியா?

முட்டை வேண்டாம் என்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. சிலே ரெயேனோ என்ற அடைத்த மிளகாயைப் பெரும்பாலும் நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்துத்தான் பொரிப்பார்கள். சோளத்தின் மேல் பூசும் மயோனைஸில் முட்டை இருக்கிறது. இனிப்புகளிலும் முட்டை தாராளம். கோதிஹா போன்ற சீஸ்கள் பாரம்பரியமாக விலங்கு உறைபொருளில் செய்யப்பட்டவை. இன்று பல ஆலைகள் விலங்கு சாராத உறைபொருளைப் பயன்படுத்துகின்றன. பாக்கெட்டைப் பார்க்காமல் பரிமாறுபவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கண்டிப்பாக இருப்பவர்கள் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம், இல்லையென்றால் சீஸைத் தவிர்த்துவிடலாம்.

படி 2: எந்த வகை உணவகம் என்று கண்டுபிடியுங்கள்

மெக்சிகன் என்று பலகை இருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு வேறு சமையல்களில் ஒன்றாக இருக்கும். மெனுவில் நாச்சோஸ், ஃபஹீதா (கல்லில் வாட்டிய இறைச்சி அல்லது காய்கறித் துண்டுகள்), மஞ்சள் சீஸ், பெரிய கோதுமை டோர்ட்டியா (மெல்லிய தட்டை ரொட்டி) ஆகியவை முன்னால் நின்றால் அது டெக்ஸ்-மெக்ஸ். டெக்சஸில் வளர்ந்த சமையல் அது. த்லகோயோ, சோபே, மோலே, நோபால் என்று எழுதியிருந்தால் மெக்சிகோவின் வட்டாரச் சமையல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டெக்ஸ்-மெக்ஸில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "சீஸ் என்சிலாடா" என்று மெனுவில் இருக்கும். சுற்றிய டோர்ட்டியாவின் மேல் குழம்பு ஊற்றியதுதான் என்சிலாடா. உள்ளே சீஸ் மட்டும்தான் இருக்கும். ஆனால் மேலே ஊற்றும் பழுப்பு நிறச் சில்லி கிரேவி மாட்டிறைச்சிச் சாறிலோ கொத்துக்கறியோடோ செய்யப்பட்டிருக்கலாம். "பச்சை சல்சா ஊற்றித் தர முடியுமா?" என்று கேட்டால் பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். வட்டார உணவகங்களில் காய்கறிப் பண்டங்கள் அதிகம், அதே நேரம் பன்றிக் கொழுப்பும் அதிகம். இரண்டில் எனக்குப் பிடித்தது வட்டார உணவகம்தான். கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும், ஆனால் கிடைக்கும் சாப்பாடு அதற்குத் தகுதியானது.

முடிந்தால் போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மதியக் கூட்டம் கலைந்த பிறகு, இரவுக் கூட்டம் வருவதற்கு முன் கூப்பிட்டால் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கேட்டால் யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது அவர்கள் தவறும் இல்லை.

படி 3: கொழுப்பு, சாறு, கல் – மூன்றையும் பற்றிக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதலில் கொழுப்பு. மசித்து வதக்கிய பீன்ஸுக்கு ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரித்தோஸ் என்று பெயர். இரண்டு முறை வறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே 'ரெ' என்பது அழுத்தம் கொடுக்கும் முன்னொட்டு, 'நன்றாக வதக்கியது' என்பதுதான் பொருள். எதில் வதக்கினார்கள் என்பதுதான் நம் கேள்வி. பாரம்பரியமாக அது பன்றிக் கொழுப்பு. பார்த்தோ ருசித்தோ உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆவியில் அவித்த சோள மாவுப் பண்டமான டமாலேயின் மாவிலும் கொழுப்பை அடித்துச் சேர்ப்பார்கள், அதனால் உள்ளே சீஸும் மிளகாயும் வைத்த டமாலேகூடச் சைவம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கோதுமை டோர்ட்டியாவிலும் கேட்க வேண்டும். கடையில் வாங்கியதில் பெரும்பாலும் தாவரக் கொழுப்பு இருக்கும், கையால் செய்ததில் மந்தேகா இருக்க வாய்ப்பு அதிகம். சோள டோர்ட்டியாவில் இந்தக் கவலை இல்லை. அது சோளம், தண்ணீர், சுண்ணாம்பு மட்டும்தான்.

பதில் வரும்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 'மந்தேகா தே செர்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. 'மந்தேகா வெஹெதால்' என்றால் தாவரக் கொழுப்பு. வெறும் மந்தேகா என்று சொன்னால் எது என்று மறுபடி கேளுங்கள்.

அடுத்தது சாறு. தக்காளியில் செய்த சிவப்புச் சோறு மெக்சிகன் தட்டில் எப்போதும் இருக்கும். அதைப் பெரும்பாலும் கோழிச் சாறில்தான் வேகவைக்கிறார்கள், அல்லது தண்ணீரில் கோழிச் சாறுப் பொடி போடுகிறார்கள். இந்தப் பொடிதான் பலரை ஏமாற்றிவிடும். "சோற்றில் கோழி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று நேர்மையாகவே பதில் வரும், ஏனென்றால் பொடியை யாரும் கோழி என்று நினைப்பதில்லை. அதனால் "கோழிச் சாறு, கொன்சோமே, பொடி ஏதாவது போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். மோலே, பிபியான் போன்ற கெட்டிக் குழம்புகளிலும் இதே கதை. பொப்லானோ மோலேயில் பல வகைக் காய்ந்த மிளகாய், எள், கொட்டைகள், கொஞ்சம் சாக்லேட் என்று எல்லாமே தாவரப் பொருள்தான். ஆனால் அதைக் கரைப்பது வழக்கமாகக் கோழிச் சாறில். டோர்ட்டியா சூப், நூடுல்ஸ் போட்ட சூப் இவற்றின் அடிச்சாறும் பெரும்பாலும் கோழிதான். சூப்பை நான் கேட்காமல் தொடுவதில்லை.

மூன்றாவது கல். காய்கறி ஃபஹீதாவை இறைச்சி வாட்டிய கல்லிலேயே வாட்டுவார்கள். "தனிச் சட்டியில் செய்து தர முடியுமா?" என்று கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் பல இடங்களில் செய்து தருகிறார்கள். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயிலும் இதைக் கேட்கலாம். கோழி, மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம்.

ஸ்பானிஷ் பேசுபவர் பரிமாறினால் இந்த வரிகள் உதவும்:

"நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ." – இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிடுவதில்லை.
"லோஸ் ஃப்ரிஹோலெஸ் யேவான் மந்தேகா?" – பீன்ஸில் மந்தேகா இருக்கிறதா?
"எல் அரோஸ் யேவா கால்தோ தே போயோ?" – சோற்றில் கோழிச் சாறு இருக்கிறதா?

முதல் வரியை முழுதாகச் சொல்வது முக்கியம். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்ற சொல் பேச்சு வழக்கில் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். கோழியோ பன்றித் தொடைக்கறித் துண்டோ தட்டில் வந்து நிற்கும், கொண்டுவந்தவர் நீங்கள் கேட்டதைத்தான் செய்ததாக நினைப்பார்.

படி 4: நல்ல பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

பல உணவகங்களில் 'சைவம்' என்று ஒரு மூலை இருக்கும். குடைமிளகாய், சுரைக்காய் வகை, காளான் மூன்றையும் வதக்கி எல்லாவற்றுக்குள்ளும் வைத்திருப்பார்கள். அது பசியை ஆற்றும். ஆனால் மெக்சிகோவில் தலைமுறைகளாகச் சமைத்துவரும் காய்கறிப் பண்டங்கள் மெனுவின் மற்றப் பக்கங்களில் இருக்கின்றன. நான் தேடுவது அவற்றைத்தான்.

நோபால் என்பது முள் நீக்கிய கள்ளி மடல். வதக்கியோ வாட்டியோ தருவார்கள். பீன்ஸ் காயும் எலுமிச்சையும் கலந்ததுபோல் ஒரு புளிப்பு இருக்கும், கொஞ்சம் வழவழப்பும் உண்டு. அந்த வழவழப்பு பிடிக்காதவர்கள் நெருப்பில் நன்றாக வாட்டியதைக் கேளுங்கள். பூசணிப் பூவைச் சீஸோடு கேசடியாவுக்குள், அதாவது மடித்துச் சுட்ட டோர்ட்டியாவுக்குள், வைப்பார்கள், மிக மென்மையான சுவை. உயித்லாகோச்சே என்பது மக்காச்சோளக் கதிரில் வளரும் கருப்புப் பூஞ்சணம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காளானின் ஆழமும் சோளத்தின் இனிப்பும் ஒன்றாகச் சேர்ந்த ருசி அது. மெனுவில் கண்டால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.

ராஹாஸ் என்பது சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாயை நீளமாகக் கிழித்து வெங்காயம், சோளம், க்ரீமோடு சேர்த்து வதக்கியது. மிளகாய் என்றாலும் காரம் பெரும்பாலும் மிதமானது, புகை மணம்தான் முன்னால் வரும். சைவம் சாப்பிடாத நண்பரோடு போனால் இதைத்தான் பகிர்ந்துகொள்ளச் சொல்வேன்.

சோள மாவில் செய்யும் சிறு பண்டங்கள் தனி உலகம். த்லகோயோ நீள்வட்டமாக இருக்கும், உள்ளே பீன்ஸ் அல்லது மொச்சை வகை மசியல் வைத்துக் கல்லில் சுட்டு மேலே நோபாலும் சீஸும் போடுவார்கள். சோபே வட்டமாக, ஓரம் தூக்கிவிட்ட சின்னத் தட்டுபோல் இருக்கும். ஒஹாகா மாநிலத்தின் த்லயூதா ஒரு பெரிய மொறுமொறு டோர்ட்டியா. பீன்ஸ் தடவி, நார்நாராகப் பிரியும் ஒஹாகா சீஸ் போட்டுத் தருவார்கள். ஆனால் பீன்ஸுக்கு அடியில் அசியந்தோ என்ற பன்றிக் கொழுப்பு வண்டலைத் தடவுவது வழக்கம். 'சின் அசியந்தோ' என்று சொல்ல வேண்டும். ஒஹாகா உணவகத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: குவாக்கமோலே என்ற அவகாடோ மசியலின் மேல் வறுத்த வெட்டுக்கிளி தூவித் தரும் வழக்கம் அங்கே உண்டு.

குழம்பில் தோய்த்த டோர்ட்டியா வகைகளில் பச்சை என்சிலாடா பாதுகாப்பானதாக இருக்க வாய்ப்பு அதிகம். தொமத்தீயோ என்ற பச்சைக் காய், மிளகாய், கொத்தமல்லி, வெங்காயம்தான் அந்தச் சல்சாவின் உயிர். ஆனாலும் சாறு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்ஃப்ரிஹோலாதா என்பது பீன்ஸ் குழம்பில் தோய்த்த டோர்ட்டியா. பீன்ஸில் மந்தேகா இல்லையென்றால் இதைவிட மனதுக்கு இதமான சாப்பாடு எனக்குத் தெரியாது. காலை நேரம் என்றால் சிலாகீலெஸ் கேளுங்கள். பொரித்த டோர்ட்டியாத் துண்டுகளைச் சல்சாவில் புரட்டி, க்ரீமும் சீஸும் போட்டுத் தருவார்கள். கோழி, முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மெக்சிகோவின் யூகடான் பகுதிச் சமையல் கிடைத்தால் சிகில் பாக் கேட்டுப் பாருங்கள். வறுத்த பூசணி விதையும் தக்காளியும் சேர்த்து அரைத்தது, பால் பொருள்கூட இல்லாதது. முட்டை சாப்பிடுபவர்களுக்கு அங்கே பாபாத்சூலெஸ் இருக்கிறது. அவித்த முட்டையை டோர்ட்டியாவில் சுற்றி மேலே பூசணி விதைக் குழம்பு ஊற்றுவார்கள்.

நாச்சோஸ் பற்றி ஒரு வார்த்தை. 1940-களில் மெக்சிகோவின் பியெத்ராஸ் நெக்ராஸ் நகரில் இக்னாசியோ அனயா முதன்முதலில் செய்து கொடுத்தது பொரித்த டோர்ட்டியா, சீஸ், ஹாலப்பேன்யோ மிளகாய் மட்டும்தான். இறைச்சி இல்லாமல் கேட்பது அதன் பழைய வடிவத்தைக் கேட்பதுதான்.

படி 5: மெனுவில் எதுவுமே பொருந்தாவிட்டால்

துணை உணவுப் பக்கத்தைத் திறங்கள். சூடான சோள டோர்ட்டியா நான்கு, ஒரு கிண்ணம் பீன்ஸ், குவாக்கமோலே, வாட்டிய நோபாலோ மிளகாயோ, இரண்டு சல்சா. இவற்றைத் தனித்தனியாக வாங்கி நீங்களே டாக்கோ சுற்றிக்கொள்ளலாம். பீன்ஸில் ரெஃப்ரித்தோஸ் வேண்டாம் என்றால் 'தே லா ஓயா' கேளுங்கள். பானையில் வெங்காயம், எபசோத்தே என்ற மூலிகை போட்டு வேகவைத்த முழு பீன்ஸ் அது. கொழுப்பு இல்லாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் பன்றித் துண்டு போட்டு வேகவைப்பவர்கள் உண்டு என்பதால் கேட்டுவிடுங்கள். 'சார்ரோஸ்' என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், அதில் பன்றி இறைச்சி இருக்கும்.

இப்படிச் சாப்பிட்டால் சத்து போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. சோளத்தில் லைசின் குறைவு, பீன்ஸில் அது நிறைவு. பீன்ஸில் குறையும் மெத்தியோனினைச் சோளம் ஈடுகட்டுகிறது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் நிக்ஸ்தமால் முறையால் அதிலிருக்கும் நியாசின் உடலுக்குக் கிடைக்கிறது, கால்சியமும் கூடுகிறது. இந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று அதையே நம்பி வாழ்ந்த ஊர்களில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. டோர்ட்டியாவும் பீன்ஸும் எளிய சாப்பாடு, ஆனால் குறையுள்ள சாப்பாடு இல்லை.

படி 6: ஓரத்தில் ஒளிந்திருப்பவை

மேசைக்கு வரும் சல்சாக்கள் பெரும்பாலும் கவலையில்லாதவை. சீசர் சாலட் வேறு விஷயம். 1924-இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் சீசர் கார்தினியின் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் அதன் கலவையில் இன்று நெத்திலி வகை மீன் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. சுட்ட சோளம் எலோத்தேயும், கிண்ணத்தில் தரும் எஸ்கீத்தெஸும் மயோனைஸ் பூசி வரும். முட்டை வேண்டாம் என்றால் எலுமிச்சை, மிளகாய்ப்பொடி, உப்பு மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

இனிப்பில் ஃப்ளான், த்ரெஸ் லெச்செஸ் இரண்டிலும் முட்டை உண்டு. பளபளக்கும் ஹெலதீனா விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்தது, பால் சாப்பிடும் சைவர்களுக்கும் அது ஆகாது. அரோஸ் கோன் லெச்சே என்ற பால்சோறு பெரும்பாலும் சரியாக இருக்கும். குடிக்க, செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் ஹமைக்கா, அரிசியும் பட்டையும் சேர்ந்த ஓர்ச்சாத்தா இரண்டும் நல்ல தேர்வு. ஓர்ச்சாத்தாவில் சில இடங்களில் பால் சேர்ப்பார்கள்.

படி 7: பிடித்த உணவகத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்

ஒரு இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வையுங்கள். பீன்ஸ் எண்ணெயில், சோறு கோழிப் பொடியில், பச்சை சல்சா சரி, டமாலே வேண்டாம் – இவ்வளவு போதும். அடுத்த முறை கூட்டிப்போகும் நண்பருக்கும் இது உதவும். சமைப்பவரிடம் நேராகப் பேச வாய்ப்புக் கிடைத்தால், "உங்கள் வீட்டில் இறைச்சி இல்லாத நாளில் என்ன சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இறைச்சி தவிர்க்கும் வழக்கம் பல மெக்சிகன் வீடுகளில் உண்டு, அதனால் இந்தக் கேள்வி அவர்களுக்கு உடனே புரியும். அந்தப் பண்டங்களில் மீனும் இறாலும் அடிக்கடி வரும், அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்டுத்தான் மெனுவில் இல்லாத பூசணிப் பூக் கேசடியா எனக்கு முதன்முதலில் கிடைத்தது.

என் பழைய உணவகத்துக்கு இன்றும் போகிறேன். அந்த பீன்ஸ் எனக்கில்லை. தே லா ஓயா பீன்ஸ் கேட்டு வாங்கி, சோள டோர்ட்டியாவில் ராஹாஸோடு சுற்றிச் சாப்பிடுகிறேன். சமையல்காரர் மாறிவிட்டார் என்று தெரிந்தால் மட்டும் மந்தேகா, கால்தோ இரண்டையும் முதலிலிருந்து மறுபடி கேட்கிறேன்.